நேராக வெட்டுகிறவள்

அந்த மூளை ஆராய்ச்சிக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. மாணவர்களுக்கு அக்கா, புள்ளிவிவரம் பார்க்கிற கணக்குப்பிள்ளைக்கு அக்கா, எலிகளுக்குத் தீனி போட்டு வளர்க்கிற, அவளைவிட வயதில் மூத்த எலி அண்ணனுக்கும் அக்கா. பேராசிரியர் மட்டும் 'அம்மா' என்பார், அதுவும் ஏதாவது காரியம் ஆக வேண்டியிருந்தால். இத்தனை பேருக்கு அக்காவாக இருப்பதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, சிட்டு வந்து சேருகிற வரைக்கும்.

சிட்டு என்பது பட்டப்பெயர். ஆள் ஒல்லி, நடை வேகம், ஒரு இடத்தில் நிற்க மாட்டாள், ஆகவே வந்த வாரமே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவைவிட எட்டுப் பத்து வயது இளையவள். டாக்டர் பட்டம் வாங்கின கையோடு வந்து, பக்கத்து மேசையில் பையை வைத்துவிட்டு, "உங்க கட்டுரையெல்லாம் படிச்சுட்டுத்தான் இங்க கேட்டு வந்தேங்க்கா" என்றாள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

அங்கே நடக்கிற வேலை இதுதான். எலிக்கு ஒரு பயத்தைப் பழக்குவார்கள். பிறகு அந்தப் பயத்தை மறக்கப் பழக்குவார்கள். மறக்கும்போது மூளையில் எந்தச் செல்கள் வேலை செய்தன என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக எலியின் மூளையைக் கெட்டிப்படுத்தி, அடியில் பசை தடவி ஒரு சின்ன மேடையில் ஒட்டி, நடுங்குகிற பிளேடு வைத்த இயந்திரத்தால் தாளைப் போல மெல்லிசாகக் குறுக்கே வெட்டுவார்கள். வெட்டினதைத் தூரிகையால் அள்ளிக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் வேலை செய்த செல்கள் பச்சையாக மின்னும். எல்லாம் வெட்டில் இருக்கிறது. வெட்டு நேராக விழுந்தால், நினைவுக்குரிய பகுதி இடமும் வலமும் ஒரே மாதிரி சுருண்டு, ஒழுங்காகச் சீவிவிட்ட மீசையைப் போல இருக்கும். மூளை சற்றே சாய்ந்து ஒட்டியிருந்தால் ஒரு பக்கம் முறுக்கின மீசை, மறுபக்கம் தொங்கின மீசை. பிறகு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு எண்ணுவது வீண்.

அக்கா நேராக வெட்டுகிறவள். இது யாரும் அளந்து பார்த்துச் சொன்னதல்ல, அவளே சொல்லிச் சொல்லி ஊர்ஜிதமானது. சிட்டு வந்த முதல் வாரத்தில் வெட்டின தகடுகள் சாய்ந்திருந்தன. அக்கா அதை எல்லோர் முன்னாலும் திரையில் போட்டுக் காட்டி, உனக்குக் கை சாய்கிறது என்று சொன்னாள். சிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. இருவரும் ஒரே ஆய்வுக்குத்தான் வெட்டினார்கள், தகடுகள் எலியின் எண்ணோடு ஒரே பெட்டியில் கிடக்கும், வெட்டினவர் பெயர் இருக்காது. பெட்டியில் சாய்ந்த தகடு எது கிடைத்தாலும் அக்கா தலையைத் தூக்காமலே, "சிட்டு கைவரிசை" என்பாள். மாணவர்கள் சிரிப்பார்கள். சிட்டும் "ஆமாங்க்கா, பார்த்துக்கிறேன்" என்பாள்.

கை சாய்ந்தாலும் சிட்டுவின் மற்ற எதுவும் சாயவில்லை, அதுதான் அக்காவின் வயிற்றெரிச்சல். அவள் பேசினால் பேராசிரியர் சிரித்தார். அதே நகைச்சுவையை அக்கா சொன்னால் 'ம்' என்றார். மாணவர்கள் சந்தேகம் கேட்க அக்காவின் மேசையைத் தாண்டி அவளிடம் போனார்கள். போகும்போது அக்காவைப் பார்த்து ஒரு மரியாதையான புன்னகை வேறு. ஒரு மாநாட்டில் சிட்டு தன் ஆய்வை விளக்கி ஒட்டின சுவரொட்டிக்குப் பரிசு கிடைத்தது. அக்கா எல்லோரையும்விட முதலில் போய்க் கையைக் குலுக்கினாள், குலுக்கிவிட்டு நேரே கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். சிட்டு எதைப் போட்டுக்கொண்டு வந்தாலும் பொருந்தியது. ரொட்டியும் முட்டையும் தின்றுவிட்டு மேசையில் ஒரு துணுக்குகூடச் சிந்தாமல் எழுந்து போவாள். இதற்கெல்லாமா ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று கேட்டால், படுவாள். பொறாமைக்குத் துணுக்கு போதும்.

மூளை விஞ்ஞானி என்பதால் அக்காவுக்கு இதில் ஒரு சலுகையும் கிடையாது. பிறர் உயர்வைப் பார்த்துப் புழுங்கும்போது வலிக்குரிய பகுதியும் சேர்ந்து விழித்துக்கொள்கிறது என்று ஆய்வுகள் சொல்வதை அவளே மாணவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறாள், நெற்றிக்குப் பின்னால் உள்ள இடத்தைக் கோலால் தொட்டுக் காட்டி. வகுப்பு முடிந்ததும் சிட்டு எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். நல்ல கேள்வி. கோலால் தொட்ட இடம் அக்காவுக்கு உள்ளே சுருக்கென்றது.

வீட்டில் அவள் கணவர் வாகன உதிரிபாகக் கிடங்கில் மேற்பார்வையாளர். சிட்டுவைப் பற்றித் தினமும் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக் கேட்டு, நேரில் பார்க்காமலே அந்தப் பெண்ணின் சட்டை நிறங்கள் வரை அவருக்கு அத்துப்படி. அந்தப் பெண்ணை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிடு, எனக்கே பழகின ஆள் மாதிரி ஆகிவிட்டது என்று கிண்டல் செய்வார். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். பத்தாவது படிக்கிற மகள் அப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள்.

இப்படியே ஐந்தாறு வருடம் ஓடின பிறகுதான் அந்த அழைப்பு வந்தது. வெளிநாட்டில் ஒரு பெரிய நிறுவனம், வேலையில் பாதி வழி வந்துவிட்ட மூளை விஞ்ஞானிகளுக்காக இரண்டு மாதப் பயிற்சி நடத்துகிறது. மூளையை வெட்டவே வேண்டாம். மருந்துக் கரைசல்களில் ஊறவைத்து முழு மூளையையும் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும்படி ஆக்கி, தாள் போல மெல்லிசான ஒளியைப் பாய்ச்சி அப்படியே பார்த்துவிடலாம். அந்த முறையைக் கற்றுக்கொண்டு வருகிறவரிடம் இங்கே கட்டிக்கொண்டிருக்கும் புது அறையையும் புது மைக்ரோஸ்கோப்பையும் ஒப்படைப்பதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார். ஒரு கூடத்துக்கு ஒரு இடம். டாக்டர் பட்டம் வாங்கிப் பதினைந்து வருடம் தாண்டாதவராக இருக்க வேண்டும். அக்காவுக்கு அடுத்த வருடம் தாண்டிவிடும். சிட்டுவுக்கு இன்னும் எத்தனையோ வருடம் கிடக்கிறது.

விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர். மூத்தவள் என்று பேராசிரியர் தன் பெயரையே சொல்லிவிடுவார் என்று அக்கா எதிர்பார்த்தாள், வீட்டில் பெட்டியைக்கூட இறக்கித் துடைத்தாகிவிட்டது. ஆனால் பேராசிரியருக்கு ஒரு மதம் உண்டு. அந்தக் கூடத்தில் எதையும் யாருடையது என்று தெரிந்துகொண்டு மதிப்பிடக் கூடாது. மருந்து கொடுத்த எலி எது, கொடுக்காத எலி எது என்று தெரிந்தால் எண்ணுகிற கண்ணே ஏமாற்றிவிடும், ஆகவே அடையாளத்தை மறைத்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். ஆள் தேர்வும் அப்படித்தான் என்றார். ஆளுக்கொரு எலி மூளையை ஒரே காலையில் வெட்டினார்கள். சாயம் ஏற்றுவதற்கு முன்னால் வெட்டு எப்படி விழுந்திருக்கிறது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. சாயத்தை எலி அண்ணனே ஏற்றினார், இந்த முறை தகட்டில் வெட்டினவர் பெயர் எழுதின இடத்தில் கறுப்பு நாடாவை ஒட்டினார், எல்லாவற்றையும் கலந்து அடுக்கினார். அக்கா, சிட்டு, கணக்குப்பிள்ளை மூன்று பேரும் தனித்தனியாக எல்லாத் தகடுகளுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். தன்னுடையது எது என்று தெரியாததால் யாருக்கும் பாரபட்சம் வராது என்பது ஏற்பாடு.

அக்கா இருட்டறையில் உட்கார்ந்து முதல் தகட்டை வைத்தாள். அழகான மீசை, இரு பக்கமும் ஒன்று போல. மனம் நிறைந்துபோய் ஒன்பது போட்டாள். இரண்டாவதை வைத்தாள். ஒரு பக்கம் முறுக்கு, ஒரு பக்கம் தொங்கல். அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நாடா எதற்கு, பெயர் எதற்கு? இத்தனை வருடமாகப் பார்த்த கைவரிசை. அந்த நொடியில் அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அடையாளம் தெரிந்துவிட்டது, என்னால் மார்க் போட முடியாது என்று எழுந்து வந்திருக்க வேண்டும். மாணவன் யாராவது அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பாள். ஆனால் இருட்டறையில் யார் இருக்கிறார்கள்? சாய்ந்திருக்கிறது என்பது உண்மைதானே, ஆறு போட வேண்டிய இடத்தில் மூன்று போட்டால் என்ன குடி முழுகிவிடும்? சாய்ந்தது வந்தபோதெல்லாம் மூன்று, இரண்டு. ஒரு தகட்டுக்கு ஒரே ஒரு மார்க்தான் போட்டாள். சுவரொட்டிப் பரிசுக்கு ஒன்று, நல்ல கேள்விக்கு ஒன்று என்று பழைய பாக்கியெல்லாம் தீர்கிற மாதிரி இருந்தது. நேராக இருந்தவற்றுக்கெல்லாம் அள்ளி வழங்கினாள். வெளியே வந்தபோது முதுகு வலி போன இடம் தெரியவில்லை.

மறுநாள் கூட்ட அறையில் எலி அண்ணன் தகடுகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக நாடாவை உரித்தார். முதல் தகடு, அக்கா ஒன்பது போட்ட அழகான மீசை. நாடாவுக்கு அடியில் சிட்டுவின் கையெழுத்து. எலி அண்ணன் மாற்றி ஒட்டிவிட்டார் என்றுதான் அக்கா முதலில் நினைத்தாள். இரண்டாவது தகடு, முறுக்கும் தொங்கலும். அடியில் இருந்தது அவளுடைய பெயர். மூன்றாவது, நான்காவது. நாடா உரியும் சத்தம் ஒவ்வொன்றும் அவள் கன்னத்தில் விழுந்தது. சாய்ந்தது எல்லாம் அக்காவுடையது. ஒன்று மார்க் வாங்கினதும் அக்காவுடையது. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

கணக்குப்பிள்ளை கூட்டிப் பார்த்தார். மொத்தத்தில் சிட்டு சற்று முன்னால் இருந்தாள். ஆனால் அவருக்கு வேறு ஒன்று உறுத்தியது. சிட்டுவின் மார்க்கும் தன் மார்க்கும் ஒரு அளவில் நிற்கின்றன, அக்காவின் மார்க் மட்டும் ஒன்று உச்சியில் நிற்கிறது, இல்லாவிட்டால் பாதாளத்தில் கிடக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை என்றார். இன்னொன்றையும் கணக்குப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். அக்காவின் மார்க்கை மட்டும் எடுத்துவிட்டால், அக்காதான் முன்னால்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கூடத்தின் இன்னொரு சட்டம் எல்லோருக்கும் தெரியும். ஒரு அளவு ஒத்துவரவில்லை என்பதற்காக அதைத் தூக்கிப் போட முடியாது. ஏன் தூக்குகிறோம் என்ற காரணத்தை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"உங்க மார்க்கை எடுக்கறதுக்கு ஏதாவது காரணம் இருக்காம்மா? கண் வலி, விளக்குல கோளாறு, எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்றார்.

காரணம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. சிட்டுவுடையது என்று நினைத்துத்தான் குறைத்தேன் என்று ஒரு வரி சொன்னால் போதும். மார்க் போய்விடும், இடம் வந்துவிடும், புது அறை, புது மைக்ரோஸ்கோப், அடுத்த வருடம் மூடப்போகிற கதவு எல்லாம் அவளுக்கே. அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு அதே அறையில் மறுநாள் எப்படி நுழைவது? எதிரே சிட்டு உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு காரணமும் இல்ல சார். சாய்ஞ்சிருந்தது, கொறைச்சேன்" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அறை அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. தன் வேலையையே இவ்வளவு கறாராக மதிப்பிட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை என்றார் பேராசிரியர், மாணவர்களைப் பார்த்து இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். அக்கா மேல் தான் வைத்திருந்த மரியாதை இன்னும் கூடிவிட்டது என்று எலி அண்ணன் கண் கலங்கினார். பாராட்டு ஒவ்வொன்றும் தேள் கொட்டினது போல இருந்தது. சிட்டு மட்டும் தகடுகளை அடுக்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் கணவரிடம் இடம் சிட்டுவுக்குப் போய்விட்டது என்று மட்டும் சொன்னாள். அவர் அன்று கிண்டல் செய்யவில்லை. பெட்டியை எடுத்து மறுபடி பரணில் வைத்தார். மகள் பள்ளிக்கூடம் முழுக்க அம்மா வெளிநாடு போகிறாள் என்று சொல்லிவைத்திருந்தாள், அவளும் அம்மாவுக்குத் தட்டு எடுத்து வைத்தாள். ஒருவராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அக்காவுக்குத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து வெட்டும் அறையில் இருவரும் தனியாக இருந்தார்கள். அக்கா மூளையைப் பசையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிட்டு தூரிகைகளைக் கழுவிக்கொண்டே, பயிற்சிக்குப் போக வேண்டாம் என்று நினைப்பதாகச் சொன்னாள். தனக்கு இன்னும் காலம் இருக்கிறது, அக்காவுக்கு இதுதான் கடைசி, பேராசிரியரிடம் பேசிவிடலாமா என்று கேட்டாள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயித்ததும் அல்லாமல், ஜெயித்ததைத் தானமாகவும் கொடுக்க வருகிறாள்.

"உன்னுதுன்னு நெனச்சுத்தான் அப்படிப் போட்டேன்" என்றாள் அக்கா. "சாய்ஞ்சதெல்லாம் நீ வெட்டினதுன்னு. போதுமா? உனக்குப் போகக் கூடாதுன்னுதான் ஒண்ணு போட்டேன். இப்பச் சொல்லு, எனக்கு விட்டுக்கொடுக்கப் போறியா?"

சிட்டு தூரிகையைத் துடைத்து வைத்தாள். அவள் முகத்தில் அக்கா எதிர்பார்த்த அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

"தெரியுங்க்கா. நாடா உரிக்கறப்பவே உங்க முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள். "நானும்தான் தப்புப் பண்ணினேன். சாய்ஞ்சது உங்களோடதுன்னு எனக்குப் பார்த்ததுமே தெரியும். தெரிஞ்சுதான் அதுக்கு எட்டும் ஒன்பதும் போட்டேன், நேரா இருந்ததுக்கு ஆறும் ஏழும்தான்."

என்னுடையது என்று எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டாள்.

"ஒட்டும்போது இடது கட்டைவிரலால லேசா அழுத்துவீங்க. இப்பக்கூட அழுத்துனீங்க. எனக்கு வந்த மாசமே கை சரியாயிடுச்சு. அதுக்கப்புறம் பெட்டியில இருந்த சாய்வெல்லாம் உங்களோடதுதான்."

அக்கா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். நுனியில் பசை காய்ந்திருந்தது. இத்தனை வருடம், இத்தனை பேர் முன்னால், எத்தனை முறை 'சிட்டு கைவரிசை' என்று சொல்லியிருப்பாள். அத்தனை முறையும் இவள் ஆமாங்க்கா, பார்த்துக்கிறேன் என்று தலையாட்டியிருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? நேரா வெட்டுறவள்னு நீங்க அவ்வளவு சந்தோஷமா சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

அக்கா மேடையை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிட்டு விடவில்லை, வாங்க, சாரிடம் போய் உங்கள் மார்க்குக்கான காரணத்தை மட்டும் சொல்லுங்கள், என்னுடையதைச் சொல்ல வேண்டாம், இடம் உங்களுக்கு வந்துவிடும் என்றாள். அக்காவின் மூளை தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. இரண்டு பேர் காரணத்தையும் சொன்னால் இரண்டு பேர் மார்க்கும் போய்விடும், மிஞ்சுவது கணக்குப்பிள்ளையின் மார்க், அதில் சிட்டுதான் மேலே. ஆகவே அக்கா போக வேண்டுமென்றால் ஒரே வழிதான். அவள் தன் வஞ்சத்தைச் சொல்ல வேண்டும், இவளுடைய அன்பை மறைக்க வேண்டும். அதற்கும் இவள் தயாராக நிற்கிறாள், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு.

"நீயே போயிட்டு வா" என்றாள் அக்கா.

சிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா கையைக் காட்டித் தடுத்தாள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போகிற சத்தம் கேட்டது, அந்த வேகமான நடை தாழ்வாரத்தில் தேய்ந்தது. பயிற்சி போனால் போகட்டும், புது அறை போனால் போகட்டும், அதற்கெல்லாம் இனி அழப்போவதில்லை. தானும் பக்கத்து மேசையில் இத்தனை வருடம் இருந்தும், ஒரு நாளும், ஒரு நொடியும் தனக்கு வராத அந்த மனசு இவளுக்கு எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தபோது, முன்னால் எப்போதும் எரியாத அளவுக்கு அக்காவுக்கு வயிறு எரிந்தது.